வில்லன் இல்லாமல் ஒரு கம்பெனி தொடங்க முடியாதா?

இரண்டு சக்கரமும் ஒரு இன்ஜினும் திரையில் வந்தால் போதும், கதை எப்படி இருந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிற ஆள் நான். அப்படித்தான் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள் கம்பெனி பிறந்த கதையைச் சொல்லும் ‘ஹார்லி அண்ட் தி டேவிட்சன்ஸ்’ தொடரையும் தாமதமாகவேனும் பார்த்து முடித்தேன். 2016 செப்டம்பரில் டிஸ்கவரி சேனலில் அடுத்தடுத்த மூன்று இரவுகளில் வந்த தொடர். மூன்றே பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சினிமா நீளம். வால்டர் டேவிட்சனாக மிஹீல் ஹவுஸ்மன், தம்பி ஆர்தராக பக் ஹால், நண்பன் பில் ஹார்லியாக ராபர்ட் அராமாயோ நடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் கதையை ருமேனியாவில் போய் எடுத்திருக்கிறார்கள் என்பது பார்க்கும்போது தெரியவே தெரியாது. சேறு, புகை, கிரீஸ் படிந்த விரல்கள், தோல் பெல்ட்டில் ஓடும் பழைய வண்டிகள் என்று கண்ணுக்கு நல்ல தீனி.

ஆனால் பார்த்து முடித்ததும் ஒரு எரிச்சல். இந்தத் தொடரில் யாரும் நிம்மதியாக ஒரு ஆணியைக்கூடத் திருகுவதில்லை. எப்போதும் யாராவது ஒருவரை எதிர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா அம்மா எதிர்ப்பு, ஊர் எதிர்ப்பு, பணக்காரன் எதிர்ப்பு, போட்டிக் கம்பெனியின் சூழ்ச்சி. அத்தனையையும் மீறி இளைஞர்கள் மூன்று பேர் உலகத்தை ஜெயிக்கிறார்கள். உண்மையில் அந்தக் கம்பெனி உருவான விதம் இதற்கு நேர்மாறானது. பொறுமையாக, கொஞ்சம் பயந்து பயந்து, கையிலிருந்த வேலையை விடாமல், தெரிந்தவர் அறிந்தவர் எல்லோரிடமும் உதவி வாங்கி, மெதுவாகக் கட்டினார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சுவாரசியமான கதை. தொடருக்கு மட்டும் அது கதையாகத் தெரியவில்லை.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரில் வால்டர், ரயில் கம்பெனியிடம் நிலத்தைப் பறிகொடுத்து, கொதிப்போடு மோட்டார் சைக்கிள் பக்கம் வருகிற மனிதர். நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார், வசனம் பேசுகிறார், ஹவுஸ்மனும் நன்றாகத்தான் செய்கிறார். நிஜ வால்டரோ ரயில்வேயில் சம்பளம் வாங்கியவர். கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற ஊரில் ரயில்வே பட்டறையில் மெஷினிஸ்டாக இருந்தார். மூத்த அண்ணன் வில்லியம் மில்வாக்கியில் ரயில்வே பட்டறையின் டூல்ரூமில் ஃபோர்மன். டேவிட்சன்கள் லேத் பிடிக்கக் கற்றதும், இரும்பை நூல் பிசகாமல் அறுக்கக் கற்றதும் ரயில்வே புண்ணியத்தில்தான். அவர்களைப் பள்ளிக்கூடம் மாதிரி வளர்த்துவிட்ட ரயில்வேயைக் கொண்டுபோய் எதிரியாக நிறுத்திவிட்டார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

வால்டர் உள்ளே வந்த விதம் அதைவிட அழகு. 1903-இல் அண்ணன் வில்லியமின் கல்யாணத்துக்காக மில்வாக்கி வருகிறார். அதற்கு முன்பே தம்பி ஆர்தரிடமிருந்து கடிதம்: நாங்கள் ஒரு மோட்டார் சைக்கிள் செய்கிறோம், வந்தால் நீ ஓட்டிப் பார்க்கலாம். வால்டரும் ஆசையாக வந்து பார்த்தால் வண்டி உதிரிபாகங்களாகக் கிடக்கிறது. ஓட்ட வேண்டுமென்றால் முதலில் மாட்டியாக வேண்டும்! கைதேர்ந்த மெஷினிஸ்ட் ஒருவனை எப்படி வலையில் விழவைப்பது என்று ஆர்தருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னாளில் கம்பெனியின் விற்பனையை அவரிடம் ஒப்படைத்ததில் ஆச்சரியமே இல்லை. வால்டர் கான்சஸை விட்டுவிட்டு மில்வாக்கி ரயில்வே பட்டறையிலேயே வேலை தேடிக்கொண்டார். பகலில் ரயில் வேலை, மாலையில் இந்த வேலை. ஒரு நல்ல இயக்குநர் கையில் இந்தக் கல்யாண வீட்டுக் காட்சி எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த வண்டிக்கு வருவோம்.

1901-இல் பில் ஹார்லிக்கு 20, 21 வயது. சைக்கிளில் பொருத்தக்கூடிய ஒரு சின்ன இன்ஜினுக்கு வரைபடம் போடுகிறார். பக்கத்து வீட்டு நண்பன் ஆர்தர் டேவிட்சன் பேட்டர்ன் மேக்கர், அதாவது வார்ப்படத்துக்கு மர அச்சு செய்கிறவர். ஒருவர் வரைந்ததை மற்றவர் உருவமாக்க முடியும். இப்படி ஒரு ஜோடி அமைந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஃபவுண்டரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். வரைபடம் வைத்திருக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். நல்ல பேட்டர்ன் செய்கிறவர் கிடைக்க வேண்டுமே!

அந்த முதல் இன்ஜின் 116 சிசி. இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் இன்ஜின் 110 சிசி. இரண்டு பேரையும் ஒரு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறிவிடும். ஹார்லியின் இன்ஜினோ மில்வாக்கியின் சாதாரண மேட்டில்கூடத் திணறியது. பெடல் மிதித்து உதவினால்தான் ஏறும். காரணங்களில் முக்கியமானது ஃப்ளைவீல், அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. மீதி நேரம் எல்லாம் ஃப்ளைவீல் சேர்த்து வைத்த வேகத்தில்தான் சுழல வேண்டும். அவர்கள் வைத்தது 4 அங்குல ஃப்ளைவீல். மேட்டில் வேகம் குறைந்ததும் அதற்குத் தம் இல்லை.

இந்த இடத்தில்தான் அந்தப் பையன்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஓடுகிற ஒரு வண்டி கையில் இருக்கிறது. பெடலோடு சேர்த்து விற்கலாம். அப்போது நிறையப் பேர் அப்படித்தான் விற்றார்கள். இவர்கள் அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, புதிதாக 405 சிசி இன்ஜின் ஒன்றைத் தொடங்கினார்கள். ஃப்ளைவீல் 9.75 அங்குலம், எடை 28 பவுண்டு, கிட்டத்தட்ட 13 கிலோ. இன்ஜின் கனத்தால் சைக்கிள் சட்டம் தாங்காது என்று சட்டத்தையும் மாற்றினார்கள். அதாவது சைக்கிளில் இன்ஜின் மாட்டுகிற யோசனையையே கைவிட்டு, மோட்டார் சைக்கிள் என்ற தனிப் பொருளைச் செய்யத் தொடங்கினார்கள். முதல் தோல்வி அவமானமாக இல்லை, அடுத்த வரைபடமாக ஆனது. தொடரில் இதெல்லாம் உண்டுதான். ஆனால் இரண்டு சண்டைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு சட்டென்று ஓடிவிடுகிறது.

அப்புறம், எத்தனை பேர் கை வைத்த வண்டி அது! ஹென்றி மெல்க் என்ற நண்பரின் வீட்டுப் பட்டறையில் ஆரம்ப வேலைகள் நடந்தன. பிற்பாடு படகுகளுக்கான அவுட்போர்டு மோட்டாரால் பெயர் பெற்ற ஓலே எவின்ரூட் அப்போது மில்வாக்கியில்தான் இன்ஜின் செய்துகொண்டிருந்தார், அவரும் உதவியிருக்கிறார். டேவிட்சன்களின் அப்பா தச்சு வேலை தெரிந்தவர். வீட்டுக் கொல்லையில் 10 அடிக்கு 15 அடி மரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதன் கதவில்தான் கம்பெனியின் பெயரை எழுதினார்கள். அத்தை ஜேனட் டேவிட்சன், பெட்ரோல் டேங்க்கில் பெயரையும் மெல்லிய கோடுகளையும் தீட்டினார். தேனீ வளர்த்த மாமா ஒருவர் கடன் கொடுத்தார். தொடரில் பெண்களுக்குக் காத்திருப்பதும் கவலைப்படுவதும்தான் வேலை. ஒரு வண்டியை ஊர் முழுக்க அடையாளம் காட்டிய எழுத்தைத் தீட்டிய அத்தைக்கு ஒரு நல்ல காட்சி கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

வரைபடம் போட்ட பில் ஹார்லியோ 1903-இலேயே மாடிசனுக்குக் கிளம்பிவிட்டார், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க. கம்பெனியின் பெயரில் முதல் பாதியாக நிற்கிறவர், கம்பெனி பிறந்த வருடங்களில் பெரும்பாலும் ஊரில் இல்லை. “கனவுக்காகப் படிப்பைத் தூக்கி எறிந்தவர்கள்” கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன நமக்கு இது எவ்வளவு ஆறுதல்! தனக்கு என்ன தெரியவில்லை என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது, போய்ப் படித்திருக்கிறான்.

1905-இல் முழு வண்டிகளாக விற்பனைக்குச் செய்தது விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் மூன்றை விற்றவர் சிகாகோவைச் சேர்ந்த கார்ல் லாங், அவர்களுடைய முதல் டீலர். 1906-இல் செஸ்ட்நட் தெருவில் ஒரு சின்னத் தொழிற்சாலை, சுமார் 50 வண்டிகள். 1907-இல் முறைப்படி கம்பெனியைப் பதிவு செய்தார்கள். வால்டர் தலைவர், பில் ஹார்லி தலைமைப் பொறியாளர், ஆர்தர் விற்பனை, மூத்தவர் வில்லியம் தொழிற்சாலைப் பொறுப்பு. ஆக, நாலு பேர். போஸ்டரில் மூன்று முகம்தான் அழகு என்று நினைத்தார்களோ என்னவோ.

இப்போது வில்லன். நம்ம ஊர் சீரியலில் மாமியாருக்குக் கொடுக்கிற வேலையை இந்தத் தொடரில் ‘இந்தியன்’ என்ற போட்டி மோட்டார் சைக்கிள் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜார்ஜ் ஹெண்டீயும் ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ரோமும் 1901-இல் தொடங்கியது.) ஹெண்டீ சைக்கிள் பந்தய வீரர், ஹெட்ஸ்ட்ரோம் அற்புதமான மெக்கானிக். 1911-இல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தின் சீனியர் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் இந்தியன் வண்டிகளே பிடித்தன. பிரிட்டிஷ்காரர்களின் கோட்டையிலேயே போய் இதைச் செய்வதற்குச் சூழ்ச்சி போதாது, நல்ல இன்ஜின் வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் யாராவது ஒருவருடைய தொழிற்சாலைக்குள் ஒரு நாள் இருந்து பார்க்கலாம் என்று வரம் கிடைத்தால், நான் மில்வாக்கிக்குப் போக மாட்டேன், ஸ்பிரிங்ஃபீல்டுக்குத்தான் போவேன்.

இத்தனை சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: பந்தயக் காட்சிகள் பிரமாதம். பலகைத் தடம் என்றால் என்ன என்று படித்திருக்கிறேன். அதன் பயம் இந்தத் தொடரைப் பார்த்துத்தான் எனக்குள் இறங்கியது. மரச் சட்டங்களை அடுக்கி, கிண்ணம் போல வளைத்த தடம். சில இடங்களில் சரிவு 60 டிகிரிவரை போகும். வண்டியில் பிரேக் கிடையாது. இன்ஜினுக்குள் போன எண்ணெய் திரும்பி வராது, எரிந்தது போக மீதி வெளியே சிந்தும். ஆக, ஓட ஓடத் தடமே வழுக்கும். பலகைச் சிராய்கள் உடம்பில் ஏறும். பார்வையாளர்கள் மேல் விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பார்கள். 1912 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் நியூவார்க் தடத்தில் எடி ஹாஷாவின் வண்டி விளிம்பில் மோதியபோது அவரும் இன்னொரு வீரரும் பார்வையாளர்கள் பலரும் செத்துப்போனார்கள். பத்திரிகைகள் இந்தத் தடங்களைக் கொலைக்களங்கள் என்றே எழுத ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தையும் வெறியையும் தொடர் நன்றாகவே காட்டுகிறது.

ஆனால் ஹார்லி கம்பெனி இந்தக் கிண்ணத்துக்குள் இறங்க ரொம்ப நாள் தயங்கியது. தனியார் யாராவது அவர்கள் வண்டியில் ஜெயித்தால் விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள், கம்பெனிக் காசு செலவழிக்க மாட்டார்கள். கெட்டிக்காரத்தனமா, கஞ்சத்தனமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். 1913-இல் தோர் என்ற இன்னொரு மோட்டார் சைக்கிள் கம்பெனியிலிருந்து வில்லியம் ஆட்டவே என்ற பொறியாளரைக் கூட்டி வந்த பிறகுதான், 1914-இல் சொந்த அணியோடு இறங்கினார்கள். அந்த வருடம் டாட்ஜ் சிட்டி 300 மைல் பந்தயத்தில் அவர்களுடைய வண்டிகளில் பெரும்பாலானவை ஓட்டத்தை முடிக்கவே இல்லை. அடுத்த வருடம் அதே பந்தயத்தில் ஓட்டோ வாக்கர் ஜெயித்தார். அதே வாக்கர் 1921-இல் ஃப்ரெஸ்னோவில் சராசரியாக மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டி ஒரு பந்தயத்தை ஜெயித்தார். ஜெயித்த அந்த வருடமே கம்பெனி அணியைக் கலைத்துவிட்டது. செலவு கட்டுப்படியாகவில்லை. தொடரின் மனிதர்கள் இப்படி ஒரு முடிவை எடுக்கவே மாட்டார்கள்.

நான் பெரிதாக எடுத்திருப்பேன் என்று நினைக்கிற பந்தயம் வேறு. 1908, நியூயார்க் மாநிலம், அமெரிக்க மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் தாங்குதிறன் ஓட்டம். கேட்ஸ்கில் மலைப் பக்கம் கிளம்பி இரண்டு நாள், மோசமான சாலைகள். சோதனைச் சாவடிகளுக்குக் குறித்த நேரத்தில் வந்து சேர வேண்டும். முந்தி வந்தாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். கம்பெனித் தலைவர் வால்டர் டேவிட்சனே தன்னுடைய சாதாரண ஒற்றை சிலிண்டர் வண்டியில் கலந்துகொண்டு 1,000-க்கு 1,000 எடுத்தார். சீராக ஓட்டியதற்காகக் கூடுதலாக 5 புள்ளி கொடுத்தார்கள். அதற்குச் சில நாள் கழித்து நடந்த எரிபொருள் சிக்கனப் போட்டியில் அதே வால்டர் ஒரு கேலனுக்கு 188 மைல் எடுத்துக் காட்டினார். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 80 கிலோமீட்டர். “எவ்வளவு கொடுக்கும்?” என்று கேட்காமல் வண்டி வாங்காத நம்மைப் போன்றவர்களுக்கு வால்டர் டேவிட்சன் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார் இல்லையா? அந்தக் கம்பெனியை நாடறியச் செய்ததில் இந்த ஓட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வேகமாகப் போகாததால் ஜெயித்த ஒரு மனிதரைப் படமெடுப்பது கஷ்டம்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் குறைக்கிற ஒரு முகத்தைக் காட்டத் தெரியாதவர்கள் எதற்காக வால்டர் டேவிட்சனைப் பற்றி எடுக்க வேண்டும்?

இன்றைக்கு ஹார்லி என்றால் எல்லோர் நினைவுக்கும் வருவது வி-ட்வின் இன்ஜின், 45 டிகிரியில் சாய்ந்த இரண்டு சிலிண்டர், அந்த நொண்டியடிக்கிற சத்தம். இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னில் மாட்டியிருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் வராது. சத்தம் அதனால்தான் அப்படி. அந்த இன்ஜினை 1909-இல் முதலில் விற்றபோது அது சரியாக வேலை செய்யவில்லை. உறிஞ்சும் காற்றால் தானாகத் திறக்கிற பழைய பாணி உள்வால்வு அதற்குப் பொருந்தவில்லை. பெல்ட்டை இறுக்கி வைக்கவும் ஏற்பாடு இல்லை, வழுக்கியது. 27 வண்டிகளோடு நிறுத்தினார்கள். ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்து, இயந்திர வால்வோடு 1911-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதல் மேட்டில் திணறிய 116 சிசி இன்ஜினுக்கு என்ன செய்தார்களோ அதையே இதற்கும் செய்தார்கள்.

முதல் உலகப் போரில் சுமார் 20,000 வண்டிகள் ராணுவத்துக்குப் போயின. 1920-இல் உலகத்திலேயே பெரிய மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளர், 67 நாடுகளில் டீலர்கள். தொடர் இதைத் தாண்டி 1930-களின் பெருமந்தத்துக்கு வந்து நிற்கிறது. 1929-இல் ஏறக்குறைய 21,000 வண்டி விற்றவர்கள் 1933-இல் 3,700 சொச்சத்துக்கு வந்துவிட்டார்கள். பெரிய போட்டியாளர்களில் ஒன்றான எக்செல்சியர் 1931-இலேயே கடையைக் கட்டிவிட்டது. அந்த நேரத்தில் 1,000 சிசியில் மேல்வால்வு கொண்ட புத்தம்புது இன்ஜினுக்குப் பணம் போடுவது சாதாரணக் காரியமில்லை. 1936-இல் வந்த அந்த ‘நக்கிள்ஹெட்’ ஆரம்பத்தில் எண்ணெய் கசிந்தது, பிறகு சரிசெய்தார்கள். தொடரும் இதை வெற்றிப் பாட்டாக முழங்கி முடித்துக்கொள்கிறது.

இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கலாம். 1937-இல் தொழிற்சாலைக்குள் யூனியன் வந்தது. தொழிற்சாலையைக் கட்டி ஆண்ட மூத்தவர் வில்லியம் டேவிட்சன், தொழிலாளர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பழகியவர், கஷ்டத்தில் கடன் கொடுத்தவர். யூனியனைக் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு இரண்டு நாள் கழித்து இறந்துபோனார். ஃபோர்மனாக இருந்தபோது தொழிலாளி, பிறகு முதலாளி, கடைசியில் மேசையின் எதிர்ப் பக்கத்தில் தன்னைப் போன்ற ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு நாடகத்துக்கு என்ன வேண்டும்? இங்கே வில்லனே கிடையாது. அதனால்தானோ என்னவோ, தொடருக்கு இது தேவைப்படவில்லை.

இந்தியாவுக்கும் இந்த வண்டிக்கும் உள்ள உறவைப் பற்றி யாராவது எடுத்தால் அதையும் பார்ப்பேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து கழித்துக் கட்டிய ராணுவ ஹார்லிகளை வாங்கி, பின்னால் இருக்கை கட்டி, டெல்லியில் பட்பட்டி என்ற பேரில் ஷேர் வண்டியாகப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். 1990-களின் இறுதியில் புகை காரணமாக அவற்றை நிறுத்தினார்கள். கம்பெனி முறைப்படி 2010 வாக்கில் இங்கே கடை திறந்து, ஹரியானாவின் பாவலில் வண்டி கோர்த்து, 2020-இல் மூடிவிட்டுப் போனது. அப்புறம் ஹீரோவோடு கைகோத்து 2023-இல் எக்ஸ்440 வந்தது. 440 சிசி, ஒற்றை சிலிண்டர். “இதெல்லாம் ஹார்லியா?” என்று முகம் சுளித்த நண்பர்களிடம் 1903-இன் 405 சிசி ஒற்றை சிலிண்டரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். யாரும் மசியவில்லை.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு: பந்தயம் மட்டும் போதும் என்றால் இரண்டாவது பகுதியை நேராகப் போட்டுவிடுங்கள், கதை புரியாமல் போகாது. முதல் பகுதியில் ரயில்வேக்காரர்கள் வரும்போது டீ போட எழுந்து போகலாம். பட்டறைக் காட்சிகளில் மட்டும் உட்கார்ந்து பாருங்கள், அந்த வண்டிகளைச் செய்துகொடுத்தவர்கள் நடிகர்களைவிட அதிகமாக உழைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோன் இருந்தால் இன்னும் நல்லது.